இது மருந்து, புகையிலை அல்ல

மேசை மேல் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. இரண்டாவது கோடு வருமா என்று மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான், சேகர், அவர் மனைவி செல்வி.

கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் கிளினிக் அது. புகையிலையை விட நினைப்பவர்கள் வருவார்கள். ஒரு மேசை, நான்கு நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி, இவ்வளவுதான் வசதி. சேகரின் சிறுநீரில் மூன்று சொட்டைப் பட்டையில் விட்டாயிற்று. ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"ரெண்டு கோடு வந்தா தானே மேடம் நல்லது?" என்றார் செல்வி.

"ஆமா. ரெண்டு வந்தா சுத்தம். ஒண்ணோட நின்னுட்டா உடம்புல நிக்கோட்டின் இருக்குன்னு அர்த்தம்."

"புள்ள உண்டாயிக்கிறதுக்குப் பாக்கற டெஸ்ட்டுக்கு அப்படியே உல்ட்டா" என்று செல்வி சிரித்தார். சேகரும் சிரித்தார். அவர் வலது காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து, தரையில் படாமல் பக்கவாட்டில் வைத்திருந்தார். கட்டை விரலுக்கு அடுத்த விரல் கறுத்துப் போயிருந்தது.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்தும் போயிற்று. ஒரு கோடு ஒரு கோடாகவே நின்றது.

"நான் தொடல மேடம்" என்றார் சேகர். "பீடி தொடல, வாயில அடக்கற கடிப்புடி தொடல. சாமி சத்தியமா."

நான் அப்போது சொன்னதை இன்றைக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு மிகவும் சாமர்த்தியமான பதிலாகத் தோன்றியது. "நீங்க சொல்றத நான் நம்பலாம் சேகர். இது நம்பாதே" என்று பட்டையைத் தட்டிக் காட்டினேன்.

செல்வி எழுந்து வெளியே போனார். சேகர் நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

விரலா, காலா?

சேகருக்கு நாற்பது வயது இருக்கும். ஒயிட்பீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஓட்டும் லேத் மெஷினில் வேலை. தினமும் விடியற்காலை ரயிலில் போய் இருட்டியபின் திரும்பி வருகிற ஆயிரக்கணக்கான கேஜிஎப் ஆட்களில் ஒருவர். பதினாறு வயதில் ஆரம்பித்த பீடி.

அவருக்கு வந்திருந்தது, புகையிலைக்காரர்களுக்கென்றே இருக்கிற ஒரு வியாதி. கை கால் நுனிகளுக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். வயதானவர்களை விட்டுவிட்டு, உழைக்கிற வயதில் இருப்பவர்களைத் தேடிப் பிடிக்கும். ஆபரேஷனும் மருந்தும் ஓரளவுக்குத்தான். புகையிலையை முழுக்க விட்டவனின் கால் பெரும்பாலும் பிழைக்கும், விடாதவனின் கால் துண்டு துண்டாகப் போகும்.

கோலாரில் அவரைப் பார்த்த அறுவை மருத்துவர் கறாரான ஆள். "கறுத்த விரல் எப்படியும் போகும். ஆறு வாரம் தருகிறேன். அதற்குள் சுத்தமாக விட்டிருந்தால் விரலோடு நிறுத்துவேன். விடவில்லை என்றால் விரலை எடுத்த புண் ஆறாது. அப்புறம் பாதம், அப்புறம் கால் என்று மூன்று தடவை ஒருத்தரை அறுக்க மாட்டேன். ஒரே தடவையாக முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவேன்" என்று சொல்லி, சேகரை என்னிடம் அனுப்பியிருந்தார். விட்டாரா இல்லையா என்று சொல்ல வேண்டியது என் வேலை.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது வாரம் முடிந்திருந்தது.

எனக்கு நெருடிய ஒரு விஷயம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பட்டைக்கு முன்னால் சேகரை ஒரு கருவியில் ஊதச் சொல்லியிருந்தேன். புகை பிடிப்பவரின் மூச்சில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், கருவி காட்டிக் கொடுத்துவிடும். சேகரின் மூச்சு குழந்தையின் மூச்சைப் போல இருந்தது. புகை இல்லை, ஆனால் நிக்கோட்டின் இருக்கிறது. அப்படியென்றால் வாயில் அடக்குகிறார் என்று நானே முடிவு கட்டினேன்.

எலிகளை விட்டு ரயிலுக்கு

போன வாரம் இந்தத் தொடரில் என் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். எலிகளுக்காக வருத்தப்பட்டவர்களே அதிகம். மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் வருத்தப்படட்டும் என்றுதான் இந்த வாரம் சேகரைக் கொண்டுவந்தேன்.

எலிகளோடு பல வருடம் இருந்து நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகையை இழுத்தால், பத்து எண்ணுவதற்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஆளைக் கட்டிப் போடுவது அதுதான். ஆனால் புற்றுநோய் கொடுப்பதும் நுரையீரலை அரிப்பதும் பெரும்பாலும் அதோடு வருகிற புகையும் தாரும். ஆகவே புகையை நிறுத்திவிட்டு, நிக்கோட்டினை மட்டும் கொஞ்ச காலம் சூயிங்கம்மாகக் கொடுத்து, பிறகு அதையும் குறைத்து நிறுத்தினால் ஆள் தப்பிப்பார். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நானும் செய்கிறேன், இன்றைக்கும் செய்கிறேன், இன்னமும் அது நல்ல வழிதான். இதைப் படித்துவிட்டு யாரும் சூயிங்கம்மைத் தூக்கி எறிந்துவிட்டுப் பீடிக்குப் போய்விடாதீர்கள்.

சேகருக்கு வந்த வியாதி மட்டும் விதிவிலக்கு. அதில் நிக்கோட்டினே ஆகாது, எந்த வடிவத்திலும்.

சில வருடங்களுக்கு முன்னால் இந்தச் சூயிங்கம் ஆராய்ச்சியை எங்கே செய்யலாம் என்று தேடியபோது, என் ஊர் ரயில்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பெங்களூர் போகிற காலை வண்டியில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குடும்பம் இருக்கும். அதாவது, ஒரே இடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து குடும்பம் மாதிரி ஆகிவிட்டவர்கள். ஒருவர் நாஷ்டா டப்பாவில் இன்னொருவர் கை இருக்கும். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கே வாழைக்கன்று கட்டுவார்கள். பங்காருப்பேட்டையில் வண்டி நிற்கிற நேரத்தில் கும்பலாக இறங்கிப் புகைப்பார்கள்.

அவர்களில் ஒரு கும்பலுக்குச் சூயிங்கம் கொடுத்தேன். முதலில் யாரும் தொடவில்லை. இதிலும் நிக்கோட்டின் இருக்கிறதே, இது பீடிக்குத் தம்பி தானே என்று பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க நானே ஒரு அட்டை அடித்தேன். தமிழிலும் கன்னடத்திலும், பெரிய எழுத்தில்: இது மருந்து, புகையிலை அல்ல. அதற்குக் கீழே எப்படி மெல்லுவது, எப்போது கன்னத்தில் ஒதுக்குவது என்று சின்ன எழுத்தில். எப்போது நிறுத்துவது என்பதை வாயால் சொன்னேன். அட்டையில் இடம் போதவில்லை.

பலர் பீடியை விட்டார்கள். நான் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன், மேடைகளில் பேசினேன், சால்வை வாங்கினேன். அந்த அட்டையைப் படமெடுத்துப் பெரிய திரையில் காட்டாத கூட்டமே இல்லை.

சேகர் அப்போது அந்த வண்டியில் இல்லை. வேறு ஷிப்டு, வேறு ரயில். அதனால் எனக்கு அவரைத் தெரியாது.

செல்வியின் போன்

திங்கட்கிழமை மத்தியானம் செல்வி கூப்பிட்டார். குரலில் அழுகை இல்லை, சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"டாக்டரம்மா, அவரு ஒரு கட்டு பீடி வாங்கியாந்து டிவி மேல வெச்சிக்கிறாரு. இன்னும் பத்த வெக்கல. 'குடிக்காதப்பவே குடிச்சன்னு சொல்லிட்டாங்க, அப்பால இன்னாத்துக்கு நான் கஷ்டப்படணும்?' அப்படீன்றாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

"பத்த வைக்க விடாதீங்க செல்வி" என்றேன்.

"அன்னிக்கி நானும் உங்க பக்கம்தான் மேடம். ரெண்டு நாளு அவரு கூடப் பேசல. ஆனா பதினேழு வருசமா தினம் அந்தாள் துணியத் தோய்க்கிறன். பீடி குடிச்சா எனக்குத் தெரியாதா? கடிப்புடி போட்டா தலகாணியில தெரியாதா? அவரு பொய் சொல்லல. உங்க டெஸ்ட்டுதான் எங்கயோ தப்பு."

"டெஸ்ட் தப்பா இருக்காது செல்வி."

"அப்போ நாளிக்கி அவரு கூட டிரெயின்ல போங்க. எங்க குடிக்கிறாருன்னு நீங்களே புடிங்க. அதுக்கப்பறம் நான் ஒண்ணும் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. நிக்கோட்டினைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று. ஆனால் டிவி மேல் இருக்கிற பீடிக் கட்டு கண்ணுக்குள் நின்றது. அதைப் பற்ற வைத்துவிட்டால் கால் போய்விடும், பற்ற வைக்கத் தூண்டியவள் நானாகத்தான் இருப்பேன். வருகிறேன் என்றேன்.

பைகளால் ஒரு வேலி

விடிந்தும் விடியாத நேரத்தில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறினேன். சேகர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். அவ்வளவுதான், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் காலைச் சுற்றி நாலைந்து சாப்பாட்டுப் பைகளை வட்டமாக அடுக்கி வைத்திருந்தார்கள். நெரிசலில் யாரும் மிதித்துவிடாமல் இருக்க. எதிரே இருந்தவர் மூர்த்தி. என் பழைய ஆராய்ச்சி ஆள், அந்தக் கும்பலுக்கே தலைவர் மாதிரி. "வாங்க மேடம், வாங்க வாங்க! எம்மாம் நாளாச்சு!" என்று இரண்டு பேரை நகர்த்தி எனக்கு இடம் பிடித்தார். சேகர் இந்தக் கும்பலில் சேர்ந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் போலீஸ் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தேன். சேகர் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டு போகவில்லை. வாசல் பக்கம் போகவில்லை. பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது கும்பலில் ஒருவர்கூடப் புகைக்க இறங்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. டப்பாக்கள் திறந்தன. இட்லி, கடலைச் சட்னி, யாரோ ஒருவர் வீட்டுப் புளிசாதம். எனக்கும் ஒரு மூடியில் வைத்துக் கொடுத்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் மூர்த்தி தன் பையிலிருந்து ஒரு தட்டையான தகர டப்பாவை எடுத்தார். அது கை கையாகப் போயிற்று. ஒவ்வொருவரும் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். சேகரிடம் வந்தபோது அவர் இரண்டு எடுத்தார். ஜன்னலைப் பார்த்தபடியே மென்றார், பிறகு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

அப்படி ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

"இன்னா மேடம் அப்படிப் பாக்கறீங்க?" என்றார் மூர்த்தி. "உங்க மருந்துதான். நீங்க போன பிறவு நாங்க வுடல. முறை போட்டு ராபர்ட்சன்பேட்டையில வாங்கியாந்துகினு கீறோம்." டப்பா மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே என் அட்டை. லேமினேஷன் செய்து, ஓரம் வெட்டி, அளவாக ஒட்டியிருந்தது. இது மருந்து, புகையிலை அல்ல.

"சேகருக்கு ரெண்டா?" என்றேன்.

"பாவம் மேடம், காலு போய்டும்ன்றாங்க. எங்களுக்கு எல்லாம் பழகிடுச்சு, இல்லன்னாலும் சமாளிச்சிப்போம். அவனுக்குத்தான் வேணும். அதான் எங்க பங்க ஆளுக்குக் கொஞ்சம் அவனுக்குக் குடுத்துர்றோம். எங்க லைன்ல ஒரு வூட்டுக்கு மருந்து பாட்டிலு வந்தா பத்து வூட்டுக்கும் வந்த மாரி. அப்படித்தான் மேடம் நாங்க வளந்தோம்."

நான் வளர்ந்தது அப்படி இல்லை. அப்பா இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இஞ்சினியர். எங்கள் குவார்ட்டர்ஸில் மருந்து என்றால் சீட்டு, சீட்டு என்றால் ஒருத்தர் பெயர். சுரங்கத்து லைன் வீடுகள் எங்களிடமிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில்தான் இருந்தன. ஒரு பாட்டில் மருந்து ஒரு வரிசை வீடுகளுக்குள் எப்படி நடந்து போகும் என்று எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

"சேகர், எத்தனை போடறீங்க ஒரு நாளைக்கு?"

அவர் இப்போது திரும்பினார். "போறப்ப நாலு, வர்றப்ப நாலு. நடுவுல வேணும்னா இன்னும் ஒண்ணு. இன்னா மேடம்?"

"ஏன் என்கிட்ட சொல்லல? என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேட்டேனே."

"நீங்க குடுத்தத உங்ககிட்டயே இன்னாத்துக்குச் சொல்லணும்?"

எழுந்து நின்று சொன்னது

நான் கிளினிக்கில் சேகரிடம் சொல்லியிருந்த வாக்கியம் இது: புகையிலை எந்த ரூபத்திலும் கூடாது. சேகர் அதை அப்படியே கேட்டார். இது புகையிலை அல்ல என்று அதே டாக்டர் அட்டையில் எழுதியிருந்ததையும் அப்படியே கேட்டார். இரண்டுக்கும் நடுவில் அவர் கால் மாட்டிக்கொண்டது.

ஓடுகிற ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது என்று தோன்றியது. இந்த மருந்தில் இருப்பதும் நிக்கோட்டின்தான், மற்றவர்களுக்கு அது உதவும், சேகரின் வியாதிக்கு அதுவே விஷம் என்று சொன்னேன். சேகர் பொய் சொல்லவில்லை, நான்தான் அவரைப் பொய்யர் ஆக்கினேன் என்றும் சொன்னேன்.

மூர்த்தியின் முகம் வெளுத்துவிட்டது. "நாங்களே அவன் கால..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க இல்ல. அட்டை எழுதினது நான்."

இதில் எனக்கு இன்னொரு குற்றமும் உண்டு. புகையிலைச் செடியில் நிக்கோட்டினோடு அனபசின் என்று ஒரு தம்பி இருப்பான். புகையிலை போட்டவர் சிறுநீரில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வருவார்கள். சூயிங்கம் மென்றவரிடம் அண்ணன் மட்டும் வருவான். மாதிரியைப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தால் சில நாளில் தெரிந்திருக்கும். இதை மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிற நான், அன்றைக்கு அந்தச் சோதனையைச் செய்யாமலே தீர்ப்புச் சொன்னேன். எனக்குத் தெரியாத ஒன்று அந்த மேசையில் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சேகர் வாயிலிருந்ததை ஒரு காகிதத்தில் துப்பி மடித்தார். யாரையும் திட்டவில்லை. "இதயும் வுட்டா காலு நிக்குமா?" என்றார்.

"உறுதியா சொல்ல முடியாது சேகர். ஆனா வேற வழி இல்ல."

"சரி" என்றார். மூர்த்தி தகர டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். மறுநாளிலிருந்து அந்த வரிசையில் அதை யாரும் திறக்கவில்லை. வேண்டியவர்கள் பக்கத்துப் பெட்டிக்கு நடந்து போய் மென்றுவிட்டு வந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பாதிப் பேருக்கு அது தேவையே இல்லாமல் போய் எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

கோலாரிலிருந்து ஒரு அழைப்பு

சேகருக்கு அதற்கப்புறம்தான் உண்மையான கஷ்டம். அதுவரை பீடியைத்தான் விட்டிருந்தார், நிக்கோட்டினை விடவில்லை. இப்போது எல்லாம் ஒரே நாளில் நின்றது. தூக்கம் போயிற்று, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், தட்டைத் தள்ளிவிட்டார். செல்வி டிவி மேல் இருந்த பீடிக் கட்டைத் தண்ணீர் வாளியில் அமுக்கிக் குப்பையில் போட்டார். எனக்கு அடிக்கடி போன் செய்து அவரைத் திட்டினார், சில சமயம் என்னையும்.

அறுவை மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி ஆறு வாரத்தைப் புதிதாக எண்ணச் சொன்னேன். "புண் காத்திருந்தால் நானும் காத்திருக்கிறேன்" என்றார்.

புண் காத்திருக்கவில்லை. நான்காவது வாரம் காய்ச்சல் வந்து, செல்வி அவரைக் கோலாருக்குக் கொண்டு போனார். நான் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். அறுவை மருத்துவர் கூப்பிட்டார்.

"இன்றைக்கே செய்தாக வேண்டும். விரலா, காலா? சுத்தமாக இருக்கிறாரா இல்லையா, நீங்கள் சொல்லுங்கள்."

கூட்டங்களால் இரண்டு சனிக்கிழமை கிளினிக் நடக்கவில்லை, கடைசியாகப் பட்டை போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அப்போது இரண்டு கோடு. அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் ஒருவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். என் பட்டைகள் சாம்பியன் ரீப்ஸில் ஒரு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. தப்பாகச் சொன்னால் சேகரை மறுபடியும் அறுக்க வேண்டிவரும், அடுத்த முறை அவர் உடம்பு தாங்குமா என்பதும் சந்தேகம். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு செல்வி நம்பருக்கு அடித்தேன். அவர் போனைச் சேகரிடம் கொடுத்தார்.

"சேகர், ஏதாவது தொட்டீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் கோச்சிக்க மாட்டேன்."

"இல்ல மேடம்."

ஒரு வார்த்தை கூட அதிகம் சொல்லவில்லை. இந்தத் தடவை சாமி சத்தியம் போடவில்லை.

மருத்துவரை மறுபடி கூப்பிட்டேன். "சுத்தமாக இருக்கிறார். விரல் மட்டும் எடுங்கள்."

"டெஸ்ட் செய்தீர்களா?"

"இல்லை டாக்டர். அவரைக் கேட்டேன்."

சரி என்று போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் பத்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ரத்தம் ஓடாத பாதம் கல் மாதிரி சில்லென்று இருக்கும், வெட்டின இடம் ஆறாமல் கறுத்துக்கொண்டே மேலே ஏறும். யாரையும் கேட்கப் பயமாக இருந்தது. பதினோராவது நாள் காலையில் செல்வியே கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, இப்பத்தான் கட்டு பிரிச்சாங்க. பெரிய டாக்டரு காயம் ஆறுதுன்னாரு. டாக்டரு சொன்னத நான் நம்பல, நானே தொட்டுப் பாத்தேன்." அதுவரை ஒரு தடவைகூட என்னிடம் அழாத செல்வி அப்போது அழுதார். "பாதம் சூடா கீது மேடம்."